பிள்ளைகளோடு நடக்கும் பெற்றோருக்கு எந்தக் கொடி?

டீச்சர், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளைப் பெற்ற சில குடும்பங்கள் நாகர்கோவிலில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசி வருகிறீர்கள். வருகிற ஜூனில் சென்னை வானவில் பேரணிக்குப் போக எண்ணம். போகிறபோது, பெற்றோர் என்று பார்த்தவுடன் தெரியும்படி ஒரு கொடி வேண்டும். மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட குடும்பக் குழுக்கள் எந்தக் கொடியைப் பிடிக்கின்றன, அதையே எடுத்துக்கொள்ளலாமா, அல்லது நாமே ஒன்றை வரைந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் திருவள்ளுவர் சிலையையும் மூன்று கடலையும் வானவில்லையும் சேர்த்து ஒரு படம் வரைந்து காட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுங்கள். கொடியில் ஏற்ற வேண்டாம். கொடி தைத்தே பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், துணியில் சிலை நிற்காது. காற்றில் மடிந்து புரளும் துணியில், ஐம்பது அடிக்கு அப்பால் நிற்பவருக்கு 133 அடி வள்ளுவரும் ஒரு சாம்பல் திட்டாகத்தான் தெரிவார். கொடிக்கு நிறமும் பட்டையும் போதும். அதற்குமேல் எது சேர்த்தாலும் தையல்கூலிதான் கூடும்.

கேட்டதற்கு நேரான பதில்: தன்பால் ஈர்ப்பாளர்களின் குடும்பங்களுக்கென்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட தனிக்கொடி எதுவும் இல்லை. பெரும்பாலான குழுக்கள் ஆறு பட்டை வானவில் கொடியை அப்படியே பிடிக்கின்றன; தாங்கள் யார் என்பதை ஓர் அட்டையிலோ பேனரிலோ எழுதிக் கூடவே கொண்டு போகின்றன. கொடி பிள்ளைகளுடையது, எழுத்து பெற்றோருடையது. இந்த ஏற்பாடு தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன்.

இந்தக் குழுக்களின் கதை ஓர் அட்டையில்தான் தொடங்குகிறது, அதை எழுதியவரும் உங்களைப் போல ஒரு டீச்சர்தான். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் ஜீன் மான்ஃபோர்டு. அவருடைய மகன் மார்ட்டி தன்பால் ஈர்ப்பாளர். 1972 ஏப்ரலில் அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் கூடிய ஒரு விருந்தில் எதிர்ப்புத் தெரிவிக்கப் போன மார்ட்டியை அடித்து உதைத்தார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா நியூயார்க் போஸ்ட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். என் மகன் தன்பால் ஈர்ப்பாளன், நான் அவனை நேசிக்கிறேன் என்று பெயர் போட்டு எழுதினார். அந்தக் காலத்தில் எந்தத் தாயும் அச்சில் சொல்லத் துணியாத செய்தி அது.

அதே ஆண்டு ஜூன் மாதம் நடந்த பேரணியில் மகனோடு அவரும் நடந்தார். கையில் அவரே எழுதிய ஓர் அட்டை. தன்பால் ஈர்ப்பாளர்களின் பெற்றோரே, நம் பிள்ளைகளுக்குத் துணையாக ஒன்றுசேருங்கள் என்பது அதன் பொருள். கூட்டம் ஆரவாரம் செய்தது. பின்னால் நடந்து வந்த புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கிற்காகத்தான் கைதட்டுகிறார்கள் என்று ஜீன் முதலில் நினைத்தாராம். பிறகு இளைஞர்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் அம்மாவிடம் வந்து பேசுவீர்களா என்று கேட்டு அழுதார்கள். அந்த வேண்டுகோளிலிருந்துதான் 1973 மார்ச்சில் கிரீன்விச் வில்லேஜில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். இன்று அமெரிக்கா முழுவதும் கிளைகள் உள்ள பிஃபிளாக் என்ற பெற்றோர், குடும்பத்தார் அமைப்பு அங்கே பிறந்ததுதான். தேவாலயத்தில் என்பதை உங்கள் குழுவில் இருக்கும் சபை மக்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜீன் அட்டை பிடித்து நடந்த 1972-இல் வானவில் கொடியே கிடையாது. அது வந்தது 1978-இல். பெற்றோரின் அட்டைக்குக் கொடியைவிட ஆறு வயது கூடுதல்! பெற்றோருக்கென்று ஒரு சின்னம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டையைத்தான்.

பின்னாளிலும் இதே போக்குதான். ஓக்லஹோமாவில் சாரா கன்னிங்ஹாம் என்ற தாய், பழமையில் ஊறிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், மகனை ஏற்றுக்கொள்ளவே பல காலம் திண்டாடியவர். 2015-இல் அந்த நகரப் பேரணிக்குப் போனபோது, ‘அம்மாவின் அணைப்பு இங்கே இலவசம்’ என்ற பொருள்பட ஒரு வில்லையைத் தானே செய்து சட்டையில் குத்திக்கொண்டு போனார். அது இன்று பெரிய அமைப்பாகிவிட்டது. நம் நாட்டுக்கு வந்தால், ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு 2023 ஏப்ரலில், தன்பால் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதியது. நானூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் சார்பில் போன கடிதம். தீர்ப்பு அந்த அக்டோபரில் எதிராக வந்தது என்பது வேறு கதை. அட்டை, வில்லை, கடிதம் என எங்கே பார்த்தாலும் பெற்றோர் செய்தது தாங்கள் யார் என்பதைச் சொல்லால் சொன்னதுதான்.

இனி, நீங்கள் கேட்ட வடிவங்கள்.

வானவில் கொடியைச் செய்தவர் கில்பர்ட் பேக்கர், சான்ஃபிரான்சிஸ்கோவில், நண்பர்களும் தொண்டர்களுமாகச் சேர்ந்து. துணியைக் கையாலேயே சாயம் முக்கினார்கள். குப்பைத் தொட்டிகளில் சாயம் கரைத்து, பொது சலவைக் கடையில் கொண்டுபோய் அலசினார்கள். 1978 ஜூன் 25 அன்று அறுபதுக்கு முப்பது அடியில் இரண்டு கொடிகள் ஏறின. அப்போது பட்டைகள் எட்டு: அடர் இளஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சை, கருநீலம், ஊதா. ஒவ்வொன்றுக்கும் பேக்கர் ஒரு பொருள் சொல்லியிருந்தார். சிவப்பு உயிர், ஆரஞ்சு குணமாதல், மஞ்சள் சூரிய ஒளி, பச்சை இயற்கை என்று போகும்.

எட்டு எப்படி ஆறாயிற்று என்பதில் தத்துவம் ஒன்றும் இல்லை, கடைக்காரர் பிரச்சினைதான். அந்த நவம்பரில், தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி அந்த நகர மன்றத்துக்குத் தேர்வான ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டதும் எல்லோரும் கொடி கேட்டார்கள். ஆலையில் கொடிகளை மொத்தமாகச் செய்யப் போனால் அடர் இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை. அந்தப் பட்டை போயிற்று. மறு ஆண்டு வீதி விளக்குக் கம்பங்களில் தொங்கவிட இரட்டைப்படை எண்ணிக்கை வசதி என்று நீலப்பச்சையும் போயிற்று. கருநீலத்தின் இடத்தில் சாதாரண நீலம் வந்தது. 1979 முதல் அதே ஆறுதான்: மேலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. துணி கிடைக்காததால் நிறம் மாறிய கதை எந்தத் தையல்காரருக்கும் பழகிய கதை என்பதால், எனக்கு அந்தக் கொடி மேல் தனிப் பிரியம் உண்டு. பேக்கர் அதற்கு உரிமை எதுவும் கோரவில்லை. யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்.

இதன் உறவுக் கொடிகள் பல. 2018-இல் டேனியல் குவேசர் வரைந்த கொடியில் வானவில்லின் இடது ஓரத்திலிருந்து அம்புமுனை போலக் கருப்பும் பழுப்பும் திருநர் கொடியின் நிறங்களும் உள்ளே வரும். பார்க்க அழகு, தைக்கக் கடினம். ஒரு முனை கோணினாலும் முழுக் கொடியும் கோணலாகத் தெரியும். அதை வேண்டுமானால் அச்சடித்தே வாங்குங்கள். உங்கள் குழுவில் திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளின் பெற்றோர் இருந்தால் 1999-இல் மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்த திருநர் கொடியையும் கூடவே கொண்டு போங்கள்: இளநீலம், இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, மறுபடி இளஞ்சிவப்பு, இளநீலம். தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது. கூட்டத்தில் கொடி பிடித்துப் பழகாதவர்களுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது.

நேசக்கொடி என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது: கருப்பு வெள்ளைப் பட்டைகள், நடுவே ஆங்கில முதல் எழுத்தின் வடிவில் வானவில். ஆதரவாளர்களுக்கான கொடி. பெற்றோருக்கு இதுதான் பொருத்தம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, அது நம் ஊரில் யாருக்கும் விளங்காது. இரண்டாவது, கருப்பு வெள்ளையில் ‘நாங்கள் வேறு, நீங்கள் வேறு’ என்ற தொனி இருக்கிறது. பெற்ற தாய் ஆதரவாளர் அல்ல, தாய். பிள்ளையின் கொடியைப் பிடிக்க அவருக்குத் தனி அனுமதிச் சீட்டு எதற்கு?

பிஃபிளாக் நெடுங்காலம் பயன்படுத்திய சின்னத்தில் இதயமும் முக்கோணமும் கோத்திருந்தன. அந்த முக்கோணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. நாஜி வதைமுகாம்களில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத்தைத் தைத்து அடையாளப்படுத்தினார்கள். 1970-களில் அதே சின்னத்தை அந்த மக்களே கையில் எடுத்து, மறக்க மாட்டோம் என்று அணியத் தொடங்கினார்கள். பொருள் ஆழமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ஊரில் சிவப்பு முக்கோணம் என்றால் குடும்பக் கட்டுப்பாடு. ஐம்பது வயது தாண்டிய யாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர்தான் நினைவுக்கு வரும். ஆகவே முக்கோணம் வேண்டாம்.

குமரி மாவட்டத்தில் கொடிக்குத் தனிக் கனம் உண்டு. சாமித்தோப்பில் காவிக் கொடி ஏறுகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேற்றம். சுசீந்திரத்தில் மார்கழிக்குக் கொடியேற்றம். முக்குக்கு முக்கு கட்சிக் கொடிகள். இங்கே துணியைப் பார்த்ததும் நம்மவரா அடுத்தவரா என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதனால்தான் நிறங்களைக் கூட்டாமல் குறைக்காமல், வரிசை மாற்றாமல் வையுங்கள் என்கிறேன். ஆரஞ்சுப் பட்டையை மட்டும் அகலமாக்கினால் ஒரு பேச்சு, பச்சையை மேலே ஏற்றினால் இன்னொரு பேச்சு. சிலுவை, நாமம், பிறை எதுவும் கொடியில் வர வேண்டாம். எல்லா மதமும் வரட்டும் என்று மூன்றையும் வரிசையாக வைக்கும் யோசனையும் வேண்டாம். நான்காவதாக ஒருவர் வந்து என்னுடையது எங்கே என்று கேட்பார்.

அசோகச் சக்கரத்தை வானவில்லின் நடுவில் வைக்கும் எண்ணமும் சிலருக்கு வரும். தேசியக் கொடியில் எழுத்துப் பொறிப்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டையும் கலந்து ஒரு புதுக்கொடி செய்து வீண் வழக்குக்கு இடம் கொடுக்காதீர்கள். மூவண்ணக் கொடியும் வேண்டுமென்றால் தனியாக, ஊர்வலத்தின் வலப்பக்கமாகவோ வரிசையின் நடுவில் முன்னாலோ பிடிக்க வேண்டும் என்பது கொடி விதி.

தைக்கும் வேலைக்கு வருவோம். ஐந்தடிக்கு மூன்றடி கொடிக்கு ஒவ்வொரு பட்டையும் தைத்து முடித்தபின் ஆறு அங்குல அகலம் இருக்க வேண்டும். எனவே ஏழு அங்குலமாக வெட்ட வேண்டும். முப்பத்தாறு அங்குல அகலப் பாப்ளினில் நிறத்துக்கு ஒன்றேமுக்கால் மீட்டர் எடுத்தால் ஐந்து பட்டைகள் கிடைக்கும். அதாவது ஒரு கொடிக்கு வாங்கும் துணியிலேயே ஐந்து கொடி தைத்துவிடலாம். ஆளுக்கொரு கடையில் ஆளுக்கொரு நிறம் வாங்காமல் ஒரே கடையில் ஒரே ரகத்தில் ஆறையும் எடுங்கள். ரகம் மாறினால் சுருங்குவது மாறும், ஒரு மழைக்குப் பிறகு கொடி அப்பளம் போல நெளிந்துவிடும். வெட்டுவதற்கு முன் சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாக நனைத்து அலசிக் காயப்போடுங்கள். சிவப்புச் சாயம் பக்கத்து ஆரஞ்சில் இறங்கினால் யாருக்கும் தெரியாது. மஞ்சள் வரை இறங்கினால் தெரியும்.

இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமென்றால் பிசிறு உள்ளே போகும்படி மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். கம்பம் நுழையும் பக்கத்தில் மூன்று அங்குலம் மடித்துக் குழல் விட வேண்டும். காற்றில் அடிபடும் மறு ஓரத்துக்கு நான்கு வரிசைத் தையல். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றுக்குக் கொடி எப்படிக் கிழிகிறது என்று முப்பந்தல் பக்கம் கட்சிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலில் கிழிவது அந்த ஓரம்தான். கடற்கரையில் ஒரு மணி நேரம் பிடித்தாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு நூலைத் தின்றுவிடும். கம்பத்துக்கு ஏழடி பிவிசி குழாய் போதும். மூங்கில் கனம், ரயிலில் கொண்டுபோவதும் தொல்லை. ஃபிளெக்ஸில் கொடி அடிக்காதீர்கள். அது பறக்காது, விறைத்துக்கொண்டு நிற்கும்.

எழுத்து பேனரில்தான் வர வேண்டும், கொடியில் வேண்டாம். மெல்லிய துணியில் எழுதினால் பின்னால் வருபவருக்கு இடவலம் மாறித் தெரியும். வெள்ளைக் காடாத் துணியில் கருப்பு அல்லது கருநீலப் பெயின்ட். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வானவில் நிறம் என்று ஆசைப்படாதீர்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து வெயிலில் காணாமல் போய்விடும், வாக்கியம் பல்லிழந்து நிற்கும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் கணக்கு. சாலையின் எதிர்ப்பக்கம் அறுபதடி என்றால் ஆறு அங்குல எழுத்து. தமிழில் மேல் விலங்குக்கும் கீழ்ச் சுழிக்கும் அதற்குமேல் இடம் விட வேண்டும். வாசகம் சிறியதாக இருக்கட்டும். ‘நாங்கள் பெற்றோர். எங்கள் பிள்ளைகளோடு வந்திருக்கிறோம்.’ இதற்குமேல் என்ன வேண்டும்?

அடியில் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று போடலாமா என்பதை மட்டும் நன்றாக யோசியுங்கள். நம் ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஊரும் சபையும் தெரிந்தால் போதும். சில குடும்பங்களே உள்ள குழு மாவட்டப் பெயரோடு படத்தில் வந்தால், மறுநாள் மார்த்தாண்டத்தில் யாராவது ஒருவர் இது இன்னார் அக்கா அல்லவா என்று கேட்பார். கேட்பது உங்களைப் பற்றி அல்ல, உங்கள் பிள்ளையைப் பற்றி. எனவே ‘தென்மாவட்டப் பெற்றோர்’ என்று போடுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் மகனிடம் கேளுங்கள். நீங்கள் கொடி பிடித்து நடப்பது அவனைப் பற்றிய செய்தியை ஊருக்குச் சொல்வதுதான். அதைச் சொல்லும் உரிமை அவனுடையது.

பிள்ளை வளைகுடாவில் வேலை பார்த்தால் இன்னும் கவனம் தேவை. சவூதி, கத்தார், குவைத் போன்ற நாடுகளில் தன்பால் உறவு இன்றும் சட்டப்படி குற்றம். 2022-இல் சவூதியில் வானவில் நிறமுள்ள விளையாட்டுப் பொருட்களைக்கூடக் கடைகளிலிருந்து அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். அதே ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில் வேல்ஸ் ரசிகர்களின் வானவில் தொப்பிகளைப் பறித்தார்கள். அம்மா கொடி பிடித்த படம் மகனின் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் போய்ச் சேருவது நல்லதல்ல. குழுவில் அப்படி யாராவது இருந்தால் பேனருக்குப் பின்னால் நடக்கலாம், முகக்கவசம் போடலாம், அல்லது வராமல் பேனர் எழுதிக் கொடுக்கலாம்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவிலிருந்து, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவை நீக்கிவிட்டது. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அந்தப் பெண்களோடு அவர்களின் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினார். தனக்கே இது விளங்க வேண்டும் என்று தானும் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார். மருத்துவத்தால் மாற்றிவிடுகிறேன் என்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். உங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் தகப்பன்மாரிடம் கொடியைக் காட்டுவதற்கு முன் இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டுங்கள். சென்னையில் ஓரினம் என்ற ஆதரவுக் குழுவினர் பெற்றோரோடு நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். பேரணிக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் எங்கே நிற்பது, எந்த வரிசையில் நடப்பது என்று சொல்வார்கள்.

தையலுக்குக் கொடுக்கும் நேரம் ஒன்றுதான் பாக்கி. கார்த்திகை, மார்கழியில் கொடுக்காதீர்கள். கோட்டாறு திருவிழா, சுசீந்திரம் தேர், கிறிஸ்துமஸ் உடுப்பு என்று மாவட்டத்தில் ஒரு மெஷினும் சும்மா இருக்காது. உங்கள் ஆறு பட்டையை எவராவது அவசரத்தில் வரிசை மாற்றித் தைத்துவிடுவார். பொங்கல் கழிந்து கொடுங்கள். வெட்டிய பட்டைகளை வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, மேலே வருவது சிவப்பு என்று ஒரு சீட்டில் எழுதி ஊசி குத்திக் கொடுத்துவிடுங்கள்.